கிணற்றில் குதிக்காதவள்

வைஜயந்தி எழுதிய நாவலில் மரகதம் சாகவில்லை. கடைசி அத்தியாயத்தில் தன் பங்குக் கிணற்றில் மோட்டாரைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் வருவதைப் பார்த்தபடி மண்வெட்டியும் கையுமாக நிற்கிறாள். கதை அங்கே முடிந்துவிடுகிறது.

1969 தீபாவளிக்கு வெளியான படத்தில் மரகதம் கிணற்றில் குதித்துச் செத்தாள்.

படத்தை வைஜயந்தி திருவள்ளூரில்தான் பார்த்தாள். கணவன் ஆராவமுதனுக்கு வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம். அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு பகல் காட்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். 'பங்குக் கிணறு' என்ற பெயரை 'மஞ்சள் இழந்த மங்கை' என்று மாற்றியிருந்தது போஸ்டரிலேயே தெரிந்தது.

"பேர்தானே. உள்ளே உன் கதைதானே இருக்கப்போறது" என்றான் ஆராவமுதன்.

முதல் அரை மணி நேரம் அவள் கதைதான் ஓடியது. புருஷன் சாகிறான். அவன் அண்ணன் வந்து கிணற்றில் உனக்குப் பங்கில்லை என்கிறான். வைஜயந்தி ஆராவமுதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மோட்டார் மெக்கானிக் வந்தான். நாவலில் அவர் ஒரே அத்தியாயத்தில் வருகிற கிழவர். மோட்டாரை மாட்டிவிட்டு, பீடிக்கு நெருப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். படத்தில் சுருட்டை முடி வைத்த வாலிபன். மழையில் நனைந்துகொண்டு மரகதத்தோடு கிணற்றைச் சுற்றிப் பாடினான். வைஜயந்தி கையை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒன்றுமே அவள் எழுதியதில்லை. தண்ணீரை மறித்த மூத்தார், தம்பி மனைவியின் மானத்தைக் காப்பாற்றப் போராடும் உத்தமராகிவிட்டார். தண்ணீருக்காக நின்றவள், ஒரு வாலிபனுக்காகக் குடும்பத்தைப் பிரித்தவளாகிவிட்டாள். கடைசியில் மூத்தாரின் காலில் விழுந்து, நிலத்தை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, கிணற்றுக்கு ஓடினாள். பெண்கள் பக்கத்தில் விசும்பல் சத்தம். "மொதல்லயே செத்திருந்தா அந்த மனுசனுக்கு இந்தக் கஷ்டம் இல்ல" என்று பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

வைஜயந்தி அழவில்லை. அவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்சுவரில் முளைத்து வளர்ந்து, வெளியே சாய்ந்து நிற்கிற வேப்பமரம். அது செட் இல்லை. குணசுந்தரியின் கிணறு.

குணசுந்தரி கடம்பத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவள். வைஜயந்தியின் வயதுதான் இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்தில் வெல்லம் போட வருவாள். வைஜயந்தி வீட்டுக்கு அரிசி போடுகிறவளும் அவள்தான். மூட்டையை இறக்கிவிட்டு, ரயிலுக்கு நேரமாகும்வரை கூடத்தில் உட்கார்ந்து பேசுவாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்தது, அவன் அண்ணன் தணிகாசலம் கிணற்றில் ஏற்றத்தின் வாளியைப் பிடுங்கிப் போட்டது, இவள் கிணற்றுப் படியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு "எம்மேல கல்லப் போட்டுட்டு அப்பறம் தண்ணி எற" என்று சொன்னது எல்லாம் அந்தக் கூடத்தில் கேட்டதுதான்.

"இதை நான் எழுதட்டுமா?" என்று வைஜயந்தி ஒருநாள் கேட்டாள்.

"எழுதுங்கம்மா. பேர மட்டும் மாத்திக்கோங்க."

பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த மாதத்து அத்தியாயங்களை வைஜயந்தி அவளுக்குப் படித்துக் காட்டினாள். குணசுந்தரி கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். "அந்த எடத்துல நான் அழலியேம்மா. எங்க மூத்தார்தான் அழுதாரு" என்பாள். வைஜயந்தி திருத்திக்கொள்வாள். படக் கம்பெனிக்காரர்கள் வந்து அந்தக் கிணற்றையே காட்டச் சொன்னபோது குணசுந்தரிதான் முன்னால் நடந்தாள். எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். "அம்மா எழுதின மாதிரியே எடுக்கறீங்க இல்ல?" என்று கேட்டாள். அப்படியேதான் என்றார்கள்.

கார்த்திகை அமாவாசைக்குக் குணசுந்தரி வரவில்லை. அரிசி, தெரியாத ஓர் ஆளின் தலையில் வந்தது. அடுத்த நாளே வைஜயந்தி ரயிலேறிக் கடம்பத்தூரில் இறங்கி, வரப்பு வழியே நடந்தாள்.

கிணற்றைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வெளியூர்க்காரர்கள், வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தைக்கு உள்ளே எட்டிக் காட்டினாள். "இங்கதான் குதிச்சா. அந்த மரத்துகிட்ட." சற்று தள்ளித் தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். படம் வந்த பிறகு அவர் நடையே மாறிவிட்டது. கடைத்தெருவில் பெஞ்சில் இடம் விட்டார்கள். யாரோ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகவும் சொன்னார்கள்.

குணசுந்தரி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் பக்கத்து வீட்டு முத்தம்மாதான் திறந்தாள். உள்ளே இருட்டில் குணசுந்தரியின் மகள் சின்னப்பொண்ணு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று தட்டு மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டை.

"வேணாம்னுட்டாங்கம்மா" என்றாள் குணசுந்தரி. குரலில் கோபம்கூட இல்லை. "மாப்ள அப்பா ராஜமாணிக்கம் குடும்பத்தோட திருத்தணில படம் பாத்தாராம். மறுநாளே ஆள் அனுப்பிட்டாரு. அந்த மாதிரி பொம்பளயோட பொண்ணு எங்க ஊட்டுக்கு வேணாம்னு."

"அது நீ இல்லையே! நான் எழுதினது அது இல்லையே!"

"கெணறு என்னுதுதானே." பிறகு வைஜயந்தியின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நான் இன்னும் பாக்கலம்மா. எல்லாரும் என்ன பாத்துட்டாங்க, நான்தான் பாக்கல. நீங்க பாத்தீங்க இல்ல? நான் எப்படி செத்தேன்?"

வைஜயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சரி பண்றேன் குணா. எப்பாடு பட்டாவது சரி பண்றேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில் கோடம்பாக்கம் போனாள். ஆராவமுதனும் கூட வந்தான். டைரக்டர் மரியாதையாக எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். அவள் படபடவென்று கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, உங்க கதைல மூத்தார் கெட்டவர். அந்த வேஷத்துக்கு யார் ஒத்துக்கிட்டார்னு பார்த்தீங்கல்ல? அவர் வராம பணம் போட ஆள் கிடையாது. அவர் ஒரு விதவையோட தண்ணியை மறிச்சார்னா ஜனங்க திரையைக் கிழிச்சிடுவாங்க. அதனால அவரை நல்லவர் ஆக்கினோம். அவர் நல்லவர்னா சண்டைக்கு யார் காரணம்? உங்க மரகதம். ஒரு பொம்பளை சும்மா சண்டை போடுவாளா, அதுக்கு ஒருத்தன் வேணும். மெக்கானிக் வந்தான். அவ்வளவு ஆனப்புறம் அவ உசிரோட இருந்தா தாய்மார்கள் ஏத்துப்பாங்களா? நானா எதையும் பண்ணலைம்மா. ஒண்ணு மேல ஒண்ணா தானா வந்து விழுந்தது."

"அது நிஜமா இருக்கற ஒருத்தியோட கிணறு. அவ கையால மோர் வாங்கிக் குடிச்சேளே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. "மோர் ஞாபகம் இருக்கு" என்றார். "படப் பெட்டி எத்தனையோ ஊருக்குப் போயாச்சு. இனிமே நான் எதைப் பிடிச்சு நிறுத்துறது? 'இக்கதை யாரையும் குறிப்பிடுவது அல்ல'ன்னு முதல்லயே போட்டிருக்கோமே."

"அதை யார் படிச்சா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

தொடரை வெளியிட்ட பத்திரிகை ஆசிரியர் நல்லவர். நாவலுக்கும் படத்துக்கும் முடிவு வேறு என்று அவள் எழுதிய ஒரு பத்தியை அடுத்த இதழிலேயே போட்டார். அந்தப் பத்திரிகை குணசுந்தரியின் ஊரில் ஒரு வீட்டுக்குக்கூட வருவதில்லை.

மார்கழிக் குளிரில் அவள் பொதட்டூர்பேட்டைக்கும் போனாள். திருத்தணியில் இறங்கி பஸ் மாறும்போது ஆராவமுதன் சொன்னான். "நாம அவா குடும்ப விஷயத்துல தலையிடறோம், வைஜா." அவள் காதில் அது விழவே இல்லை. மடியில் புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ராஜமாணிக்கம் நெல் மண்டியும் நிலமும் வைத்திருந்தவர். அவரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"கடைசி அத்தியாயம் மட்டும் படிக்கிறேன். சின்னதுதான். கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்கோ" என்று வைஜயந்தி புத்தகத்தைப் பிரித்தாள்.

"எனக்கே படிக்கத் தெரியும்மா" என்றார் அவர். "உங்க கதைய படிச்சிட்டு எம்மனசு மாறிப்போச்சுன்னே வெச்சுக்குங்க. நாளைக்கு எங்க ஊட்டுக்கு வர்றவன் போறவன் ஒவ்வொருத்தனும் அந்தக் கெணத்துக்காரி பொண்ணா இவன்னு கேப்பான். அவனுக்கெல்லாம் நீங்க வந்து படிச்சுக் காட்டுவீங்களா?"

வைஜயந்தி புத்தகத்தை மூடவும் இல்லை, படிக்கவும் இல்லை.

"எம்புள்ள அவளத்தான் கட்டுவேன்னு சோறு துன்னாம கெடக்கறான்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கு மட்டும் ஆசையா இன்னா? கண்ணால பாத்துட்டாங்கம்மா, எல்லாரும்."

திரும்பி வருகிற வழியில் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் அழுதாள். ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய புத்தகம் மடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் எந்த வாசலுக்குப் போனாலும் அங்கே படம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

பொங்கலுக்குப் படம் கடம்பத்தூர் கீற்றுக் கொட்டகைக்கு வருகிறது என்று தெரிந்தது. இதுவரை வெளியூருக்குப் போய்ப் பார்த்தவர்கள்தான் பேசினார்கள். இனி குணசுந்தரியின் ஊர் முழுக்க, கிழவிகள் முதற்கொண்டு, நடந்தே போய்ப் பார்க்கும். வைஜயந்தி கொட்டகை முதலாளி கோபாலைத் தேடிப் போனாள். அவர் மூங்கில் சாரத்தில் போஸ்டர் ஒட்டுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசி ரீலைப் போடாதீங்கோ" என்றாள் வைஜயந்தி, எடுத்த எடுப்பிலேயே.

கோபால் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது! சோத்தப் போட்டுட்டு கொழம்பு ஊத்தாதன்ற மாதிரி கீது. கொட்டாய கொளுத்திடுவானுங்க."

"அவ கிணத்துக்குப் போற இடத்தோட நிறுத்திடுங்கோ. அவ குதிக்கறதை மட்டும் இந்த ஊர்க்காரா பார்க்க வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கறேன்." கோயில் தெருவில் யாரிடமும் குரல் தாழ்த்திப் பேசாத வைஜயந்தி, போஸ்டர் பசை சிந்திக் கிடந்த இடத்தில் கைகூப்பி நின்றாள். ஆராவமுதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோபால் சிரிப்பை நிறுத்தினார். "கைய எறக்குங்கம்மா. குணசுந்தரி புருசனும் நானும் ஒரே டீம்ல கபடி ஆடினவங்க. அவன் பொண்ணுக்கு இப்படி ஆயிருக்கக் கூடாது." தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "பொங்கலுக்குப் பகல் ஆட்டம் ஒண்ணு போடறோம். அவ ஊருக்காரங்க அதுக்குத்தான் வருவாங்க. அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் ரீல் அறுந்து போச்சுன்னு சொல்லிப் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

பகல் ஆட்டத்துக்காகக் கொட்டகையின் பக்கங்களில் கறுப்புப் படுதா தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே புழுக்கம், வெற்றிலை வாசனை. வைஜயந்தி பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். படம் தொடங்குகிற நேரத்தில் படுதாவை விலக்கிக்கொண்டு குணசுந்தரி உள்ளே வந்தாள்.

பேச்சு அடங்கியது. எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் யாரையும் பார்க்காமல் வந்து வைஜயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள் வைஜயந்தி.

"எல்லாரும் பாக்கறாங்களே."

கிணறு திரையில் வந்தபோது விசில் பறந்தது. குணசுந்தரி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைப் பாட்டு வந்தது.

"யாரு இந்த ஆளு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மெக்கானிக்."

"நம்ம ஆதிநாராயணனா?" ஆதிநாராயணன் அவள் மோட்டாரை மாட்டிக் கொடுத்த கிழவர். மேல்வரிசையில் பல் கிடையாது. குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் தோள் குலுங்கியது. படம் வந்ததிலிருந்து அவள் சிரித்து வைஜயந்தி பார்த்தது அப்போதுதான்.

"சிரிக்கறா பாரு. கொஞ்சமாச்சும் வெக்கம் கீதா" என்றாள் முன்னால் இருந்தவள், சத்தமாக. சிரிப்பு நின்றுவிட்டது.

மரகதம் மூத்தாரின் வீட்டை நோக்கி அழுதுகொண்டே நடக்கிற இடத்தில் திரை வெளுத்தது. படுதாவைத் தூக்கினார்கள். வெயில் உள்ளே பாய்ந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஆண்கள் பக்கம் எழுந்தது.

"ரீல் அறுந்துபோச்சு! இன்னிக்கு அவ்ளோதான்!" என்று கோபால் கத்தினார். மணல் பறந்தது. பெஞ்சு ஒன்று விழுந்தது. யாரோ மூங்கில் தூணைப் பிடித்து ஆட்ட, மேலே கீற்று சரசரத்தது. வைஜயந்தி எழுந்து நின்று, "வேண்டாம், எல்லாரும் போங்கோ" என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தின் நடுவில் தணிகாசலம் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். "முடிவப் போடு! அவ இன்னா கதி ஆனான்னு ஊரு பாக்கட்டும்!"

குணசுந்தரி எழுந்தாள். மணலைத் தட்டிவிட்டு, பின்னால் ஆபரேட்டர் அறையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கோபாலு, போடு. நானும் அதப் பாக்கத்தான் வந்தேன்."

கோபால் வைஜயந்தியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். தூண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. படுதா மறுபடி இறங்கியது.

மரகதம் மூத்தாரின் காலில் விழுந்தாள். ஓடினாள். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கொட்டகை முழுக்க அழுதது. திரையில் கலங்கி நின்ற மூத்தாரைப் பார்த்துச் சில பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குணசுந்தரி கண்ணைக்கூட இமைக்கவில்லை. முடிந்ததும் எழுந்து, வைஜயந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் முதல் பாசஞ்சரிலேயே வைஜயந்தி கடம்பத்தூருக்கு வந்தாள். ஊரைத் தொடும்போதே சின்னப்பொண்ணு எதிரே ஓடி வந்தாள். தலை விரிந்து கிடந்தது. "அம்மாவக் காணோம்! எழுந்து பாத்தா பாயில இல்ல!"

வைஜயந்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினாள். ஓடிப் பழக்கமில்லாத வரப்பு. சேற்றில் விழுந்து எழுந்தாள்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. கொட்டகையில் பார்த்த அதே முகங்கள். வேப்பமரக் கிளையில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலம் கயிற்றில் பாதாளக் கரண்டியைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "நான் படத்தத்தாம்மா சொன்னேன்" என்றார் வைஜயந்தியைப் பார்த்து. "நெசமா அவள சாவுன்னு நான் சொல்லலியே."

இரண்டு பேர் முங்கிப் பார்த்து வெறுங்கையோடு ஏறினார்கள். ஆழம் அதிகம், சேறு வேறு, இன்னொரு தரம் இறங்க வேண்டும் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சோறு கொண்டுவந்து உட்கார்ந்து தின்றவர்களும் உண்டு. ஒருத்தி மூக்கைச் சிந்தி ஒப்பாரிக்குக் குரல் எடுத்தாள்.

வைஜயந்திக்கு அதைத் தாங்க முடியவில்லை. "போங்கோ!" என்று அலறினாள். "எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ! இங்கே படமா ஓடறது? போங்கோ!" குரல் உடைந்துவிட்டது. அவளைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மறுபடி எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சின்னப்பொண்ணுவைக் கட்டிக்கொண்டாள். பெருமாளே, பெருமாளே என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

உச்சி சாய்ந்த பிறகு, ரயில்வே கேட் பக்கத்து வரப்பில் குணசுந்தரி வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். முதலில் பார்த்தது மரத்தின் மேல் இருந்த பிள்ளைகள். கூட்டம் திரும்பியது. பெரிய மூச்சு ஒன்று எழுந்து அடங்கியது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று வைஜயந்தியால் சொல்ல முடியவில்லை. சின்னப்பொண்ணு ஓடிப்போய் அம்மாவை இரண்டு கையாலும் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள்.

குணசுந்தரி கூட்டத்தைப் பார்த்தாள். தணிகாசலத்தின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். எல்லாம் புரிந்ததுபோல் ஒரு தரம் தலையை அசைத்தாள்.

"நான் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன்" என்றாள் அவரிடம். "கெணத்தையும் நெலத்தையும் நீயே வெலைக்கு எடுத்துக்க மாமா. சின்னப்பொண்ணு கல்யாணம் முடியணும்."

வீட்டுக்குள் போனதும் வைஜயந்தி கதவைச் சாத்தினாள். "என்ன காரியம் பண்றே? எத்தனை வருஷம் போராடி வெச்சுண்டே! அவன் கல்லைப் போடறேன்னப்போகூட எழுந்திருக்காதவ நீ!"

"ராஜமாணிக்கம் ஒத்துகினாரும்மா. அந்தக் கெணறு எம்பேர்ல கீற வரைக்கும் பேச்சும் இருக்கும்னாரு. வித்துட்டு ஊர உட்டு வந்துட்டா, பொண்ணு செவ்வாப்பேட்டைன்னு சொல்லிக்கலாமாம். எந்தம்பி அங்கதான் கீறான். ரெண்டு எருமை வாங்கிகினு பொழச்சுக்குவேன்."

"கொடுக்காதே குணா. கொடுத்தா அந்தப் படம் சொன்னது நிஜம்னு ஆயிடும். நான் கோர்ட்டுக்குப் போறேன். நான் எழுதினது தெரியுமோல்லியோ, மரகதம் கடைசிவரைக்கும் விடல…"

"மரகதத்துக்குப் பொண்ணு இல்லம்மா."

வைஜயந்தியின் கண் சின்னப்பொண்ணுவிடம் போனது.

"படிச்சுக் காட்டறப்பவே கேட்டேன், சின்னப்பொண்ணு எங்கம்மான்னு. கதைக்கு வேணாம், அவ இருந்தா கதை வேற பக்கம் போயிடும்னீங்க." குணசுந்தரி குறையாகச் சொல்லவில்லை. மகளின் தலையைக் கோதிக்கொண்டே, நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "நீங்க ஒருத்திய எடுத்துட்டீங்க. படத்துக்காரரு ஒருத்தன சேத்துட்டாரு. எனக்கு அவ இருக்கறாளே, நான் இன்னா செய்ய?"

மாசி மாதம் திருவள்ளூர் ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் பதிவானது. தணிகாசலம் புது வேட்டி கட்டி வந்திருந்தாலும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள்.

"அம்மா போடுவாங்க" என்றாள் குணசுந்தரி.

"நானா? நான் மாட்டேன். வேற யாரையாவது கூப்பிடு." வைஜயந்தி இரண்டடி பின்னால் போனாள்.

"என் கத முழுசும் தெரிஞ்சது உங்களுக்கு மட்டுந்தான். வேற யாரு சாட்சி?"

வைஜயந்தி பேனாவை வாங்கிக்கொண்டாள். நிலம், கிணறு, கிணற்றில் உள்ள பங்கு, வேப்பமரம் உட்பட என்று எழுதியிருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா பெயரைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "கதை எழுதறவங்க நீங்கதானா? படம் பார்த்தேங்க. எங்க வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்."

ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் நடந்தார்கள். செவ்வாப்பேட்டை வண்டி வந்தது. குணசுந்தரி ஏறி உட்கார்ந்ததும் வைஜயந்தி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது.

"நான் மறுபடி எழுதறேன் குணா. சின்னப்பொண்ணையும் வெச்சு, கொட்டகை, கிணத்தைத் தேடினது, இந்தப் பத்திரம், எல்லாத்தையும். ஒண்ணையும் விடாம, நடந்தது நடந்தபடியே எழுதறேன். அப்போ எல்லாருக்கும் தெரியும்."

குணசுந்தரி கம்பிக்குள்ளிருந்து அவள் விரல்களின் மேல் கை வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"வேணாம்மா. பொண்ணு கல்யாணம் ஆவப்போவுது. எழுதாதீங்க."

வண்டி நகர்ந்தது. வைஜயந்தி கூடவே கொஞ்ச தூரம் நடந்து, பிறகு கையை விட்டாள். பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்த பெண்கள், சேற்றில் விழுந்தவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.